கைப்பக்குவத்தில் ஒரு வரலாறு

சிங்கப்பூரின் உணவங்காடி நிலையம் ஒன்றில் ‘கோப்பி ஓ கோசோங்’ என்று கேட்டால், பாலும் சீனியும் கலக்காத காப்பி கிடைக்கும். இந்தச் சொற்கள் ஒரே மொழியிலிருந்து வந்தவை அல்ல. ‘கோப்பி’, ‘கோசோங்’ ஆகிய இரண்டும் மலாய்ச் சொற்கள். இடையில் வரும் ‘ஓ’, கறுப்பு என்று பொருள்படும் ஹொக்கியன் சொல். பக்கத்துக் கடையில் ‘சார் குவே தியாவ்’ வாங்குபவரும் தென்சீனாவின் வட்டார மொழி ஒன்றைத் தம்மை அறியாமலேயே பேசுகிறார். நாம் அன்றாடம் உண்ணும் உணவுக்குள் இங்குக் குடியேறியவர்களின் பேச்சும் வாழ்வும் இவ்வாறு கலந்திருக்கின்றன.

பத்தொன்பதாம் நூற்றாண்டிலும் இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியிலும் தென்சீனாவிலிருந்து ஏராளமானோர் சிங்கப்பூருக்கும் மலாயாவுக்கும் கப்பலேறி வந்தனர். ஃபூஜியன் மாநிலத்திலிருந்து ஹொக்கியன் மக்களும், குவாங்டோங் மாநிலத்திலிருந்து தியோச்சூ, காண்டனீஸ் மக்களும், ஹைனான் தீவிலிருந்து ஹைனானியரும் வந்தனர். அவர்களில் பலர் ஏழைகள்; எழுதப் படிக்கக் கற்கும் வாய்ப்பைப் பெறாதவர்கள். தங்கள் வாழ்க்கையை நாட்குறிப்பாகவோ நூலாகவோ அவர்கள் எழுதி வைக்கவில்லை. ஆயினும், அவர்கள் சமைத்த உணவைக் கூர்ந்து நோக்கினால், அவர்கள் எங்கிருந்து வந்தார்கள், என்ன வேலை செய்தார்கள், எத்தகைய வறுமையில் வாழ்ந்தார்கள் என்பவற்றை அறிந்துகொள்ளலாம்.

ஹைனான் கோழிச்சோற்றை எடுத்துக்கொள்வோம். ஹைனானியர் மற்றச் சீனச் சமூகத்தாரைவிடத் தாமதமாக இங்கு வந்தவர்கள். அவர்கள் வந்தபோது வணிகமும் பிற தொழில்களும் பெரும்பாலும் மற்றவர்களின் கைகளில் இருந்தன. எனவே, ஹைனானியர் பலர் ஆங்கிலேயர்களின் வீடுகளிலும் தங்கும் விடுதிகளிலும் சமையல்காரர்களாகவும் பணியாளர்களாகவும் வேலைக்குச் சேர்ந்தனர். பின்னர் அத்தகைய வேலைகள் குறைந்தபோது, கற்ற தொழிலையே முதலாகக் கொண்டு காப்பிக் கடைகளையும் உணவுக் கடைகளையும் தொடங்கினர். அவர்களுடைய தீவில் உள்ள வென்சாங் என்னும் ஊர் கோழிக்குப் பெயர்பெற்றது. முழுக் கோழியைக் கொதிநீரில் பக்குவமாக வேகவைத்து, அந்தக் கோழிச் சாற்றிலேயே சோறு ஆக்கும் முறையை அவர்கள் இங்குக் கொண்டுவந்தார்கள். ஒரே கோழியிலிருந்து இறைச்சி, கொழுப்பு, சாறு ஆகிய மூன்றும் பயன்பட்டன, எதுவும் வீணாகவில்லை. இங்கு வந்தபின் அந்தச் சோற்றில் பாண்டான் இலையின் மணம் சேர்ந்தது. எலுமிச்சைச் சாறு கலந்த காரமான மிளகாய்ச் சாந்தும் உடன் வந்தது. பிறந்த ஊரின் சுவையும் புகுந்த ஊரின் சுவையும் ஒரே தட்டில் இடம்பெற்றன.

சம்சுய் பெண்களின் இஞ்சிக் கோழி மற்றொரு கதையைச் சொல்கிறது. 1930களில் சீன ஆண் தொழிலாளர்களின் வருகைக்கு ஆங்கிலேய அரசாங்கம் வரம்பு விதித்தது. பெண்களுக்கு 1938ஆம் ஆண்டுவரை அந்த வரம்பு இல்லை. அக்காலத்தில் குவாங்டோங்கின் சம்சுய் வட்டாரத்திலிருந்து பெண்கள் பலர் சிங்கப்பூருக்கு வந்தனர். சிவப்புத் துணியைத் தலையில் கட்டிக்கொண்டு, கட்டுமானத் தளங்களில் கல்லும் மண்ணும் சுமந்தனர். சைனாடவுன் கடைவீடுகளின் சிறிய அறைகளில் பலராகச் சேர்ந்து தங்கினர். எளிய உணவை உண்டு மிச்சம் பிடித்த பணத்தை ஊரிலிருந்த குடும்பத்துக்கு அனுப்பினர். கோழி அவர்களுக்கு எட்டாத பொருள். சீனப் புத்தாண்டின்போது மட்டும் கோழியை வேகவைத்து, அரைத்த இஞ்சியைத் தொட்டு உண்டனர். இன்று அதே உணவு உணவகங்களில் எல்லா நாள்களிலும் கிடைக்கிறது. ஆனால், ஆண்டு முழுவதும் உழைத்தவர்கள் ஒரே ஒருநாள் சுவைத்த உணவு அது என்பதை அறிந்து உண்பவர்கள் எத்தனை பேர்?

குடும்ப நினைவைக் காப்பதில் விழாக்களுக்கும் பெரும்பங்கு உண்டு. சீனப் புத்தாண்டுக்கு முந்திய இரவில் உற்றார் அனைவரும் ஒன்றுகூடி விருந்து உண்கின்றனர். அந்த விருந்தில் மீனுக்குத் தனி இடம் உண்டு. மாண்டரின் மொழியில் மீனைக் குறிக்கும் சொல்லும் ‘மிகுதி’யைக் குறிக்கும் சொல்லும் ஒரே ஒலியுடையவை. அதனால், வளம் மிகட்டும் என்று வாழ்த்தும் வகையில் மீன் பரிமாறப்படுகிறது. ஏப்ரல் மாதத் தொடக்கத்தில் வரும் சிங்மிங் நாளை ஒட்டிக் குடும்பத்தினர் முன்னோரின் கல்லறைகளைத் தூய்மைப்படுத்தி, உணவு படைத்து வணங்குகின்றனர். மறைந்தவர் உயிரோடு இருந்தபோது விரும்பி உண்டதையே படைக்கும் குடும்பங்களும் உண்டு. தாத்தாவைப் பார்த்திராத பேரக்குழந்தைகூட, அவருக்கு என்ன பிடிக்கும் என்பதை அன்று தெரிந்துகொள்கிறது.

இத்தகைய நினைவுகள் இன்று முன்பைவிட அதிகம் தேவைப்படுகின்றன. 1979ஆம் ஆண்டில் சிங்கப்பூரில் மாண்டரின் பேசும் இயக்கம் தொடங்கப்பட்டது. வெவ்வேறு வட்டார மொழிகளைப் பேசிய சீனர்கள் ஒரு பொதுமொழியில் பேசிக்கொள்ள அது வழிவகுத்தது. பள்ளியிலும் பணியிடத்திலும் ஆங்கிலம் வேரூன்றியது. காலப்போக்கில் ஹொக்கியன், தியோச்சூ, ஹைனானிய மொழிகள் வீடுகளில் ஒலிப்பது குறைந்தது. சிங்கப்பூரின் மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி, ஐந்து வயதும் அதற்கு மேலும் ஆன குடியிருப்பாளர்களில் வீட்டில் சீன வட்டார மொழியை அதிகம் பேசுவோர் 2010ஆம் ஆண்டில் 14.3 விழுக்காட்டினராக இருந்தனர். 2020ஆம் ஆண்டில் அது 8.7 விழுக்காடாகக் குறைந்தது. பாட்டி பேசும் மொழி பேரனுக்குப் புரியாத வீடுகள் இன்று உள்ளன. அத்தகைய வீடுகளில், இருவருக்கும் பொதுவாக எஞ்சியிருக்கும் மூதாதையர் சொற்கள் பெரும்பாலும் உணவின் பெயர்களே.

ஆனால், பெயர் எஞ்சியிருப்பதால் மட்டும் உணவு எஞ்சிவிடாது. அக்காலச் சமையலறைகளில் அளவுக் கரண்டியோ எடைக் கருவியோ இருந்ததில்லை. ‘எவ்வளவு உப்பு?’ என்று கேட்டால், ‘அகாக் அகாக்’ என்பதே மறுமொழி. ஏறத்தாழ, உத்தேசமாக என்று பொருள்படும் மலாய்ச் சொற்றொடர் அது. நம் வீடுகளில் இதைக் ‘கைப்பக்குவம்’ என்கிறோம். கைப்பக்குவத்தைக் கேட்டு மட்டும் கற்றுக்கொள்ள முடியாது. அருகில் நின்று, கண்ணால் கண்டு, கையால் செய்து பழக வேண்டும்.

பெரனாக்கான் சீனக் குடும்பங்களின் ‘ஆயாம் புவா கெலுவாக்’ இதற்குத் தக்க சான்று. நெடுங்காலத்துக்கு முன்பே இவ்வட்டாரத்தில் குடியேறி, மலாய்ப் பண்பாட்டின் கூறுகளையும் ஏற்றுக்கொண்டவர்களின் வழிவந்தவர்கள் பெரனாக்கான் மக்கள். புவா கெலுவாக் என்பது கடினமான ஓடுடைய ஒரு கொட்டை. பச்சையாக இருக்கும்போது அதில் நஞ்சு உண்டு. பக்குவப்படுத்திய கொட்டையையும் பல நாள் நீரில் ஊறவைத்து, ஓட்டைத் தேய்த்துக் கழுவி, உள்ளிருக்கும் கரிய பருப்பை எடுத்துக் கோழியுடன் சமைப்பார்கள். இந்த அறிவு தாயிடமிருந்து மகளுக்கும் மாமியாரிடமிருந்து மருமகளுக்கும் சமையலறையிலேயே கைமாறியது. பெண்கள் கல்வி கற்று வேலைக்குச் செல்லத் தொடங்கியபோது, அவர்களுக்குப் புதிய வாய்ப்புகள் திறந்தன. அதேவேளையில், நாள் முழுவதும் சமையலறையில் நின்று கற்கும் வழக்கம் குறைந்தது.

வாய்மொழியாக வந்த சமையல் அறிவை எழுத்தில் பதிவுசெய்யச் சிலர் முன்வந்தனர். சிங்கப்பூரின் முதல் பிரதமர் திரு லீ குவான் இயூவின் தாயார் அவர்களில் ஒருவர். பெரனாக்கான் சமையலில் கைதேர்ந்த அவர், 1974ஆம் ஆண்டில் தம் சமையல் குறிப்புகளை நூலாக வெளியிட்டார். பல ஆண்டுகளுக்குப் பிறகு அவருடைய பேத்தி அதனைப் புதுப்பித்து வெளியிட்டார். பாட்டியின் கைப்பக்குவம் பேத்தியின் கையில் மீண்டும் உயிர்பெற்றது. 2020ஆம் ஆண்டு டிசம்பர் மாதத்தில் சிங்கப்பூரின் உணவங்காடிக் கலாசாரம் யுனெஸ்கோவின் மரபுடைமைப் பட்டியலில் சேர்க்கப்பட்டது. ஓர் உணவைச் சமைக்கும் அறிவும் மரபுச் செல்வமே என்பதை உலகம் ஏற்றுக்கொண்டதற்கு இஃது ஓர் அடையாளம்.

மரபைக் காப்பது என்றால் எதையும் மாற்றாமல் அப்படியே வைத்திருப்பது என்று பொருள்கொள்ள வேண்டியதில்லை. பாண்டான் இலையும் மிளகாய்ச் சாந்தும் சேர்ந்ததால் ஹைனானியரின் கோழிச்சோறு கெட்டுப்போகவில்லை. இந்த மண்ணுக்கே உரிய உணவாக வளர்ந்தது. சேர்மானம் மாறினால் உணவு புதுமை பெறும். ஆனால், அதன் பின்னுள்ள கதை மறைந்தால், அது பசியைத் தணிக்கும் பண்டமாக மட்டும் நின்றுவிடும்.

எனவே, நம் சீன நண்பரின் வீட்டில் விருந்துண்ணும்போது, ‘இந்த உணவை உங்கள் வீட்டில் யார் முதலில் சமைத்தார்கள்?’ என்று கேட்டுப் பார்க்கலாம். அந்தக் கேள்வி ஒரு குடும்பத்தின் பயணக் கதையை நமக்குச் சொல்லக்கூடும். நண்பரும் அதுவரை கேட்டிராத கதையாக அஃது இருக்கக்கூடும். அதே கேள்வியை நம் வீட்டுச் சமையலறையிலும் கேட்கலாம். விடை தெரிந்த பெரியவர்கள் நம்முடன் இருக்கும்போதே கேட்டுவிடுவது நல்லது.