இப்னுல் ஹைதம் அளந்த பரவளையத் திண்மம்

ஒரு தள உருவத்தை ஒரு நேர்கோட்டை அச்சாகக் கொண்டு சுழற்றினால் பிறக்கும் வடிவத்தைச் சுழற்சித் திண்மம் என்பர். அரைவட்டத்தை அதன் விட்டத்தின் மீது சுழற்றினால் கோளம் கிடைக்கும். இத்தகைய திண்மங்களின் கன அளவை இன்று மேல்நிலை மாணவர் தொகை நுண்கணிதத்தின் துணையால் காண்கின்றனர். திண்மத்தை மெல்லிய வட்டத் தகடுகளாக வெட்டியதாகக் கருதி, அவற்றின் கன அளவுகளைக் கூட்டுவதே அதன் அடிப்படை. தகடுகளின் தடிமன் குறையக் குறைய, கூட்டுத்தொகை எம்மதிப்பை நெருங்குகிறதோ அதுவே விடையாகும்.

இச்சிந்தனையின் வரலாற்றில் அரபு மொழி நூல்களுக்குச் சிறப்பான இடமுண்டு. பரவளையத்தை அதன் அச்சின் மீது சுழற்றினால் வரும் திண்மம், அதனைச் சூழ்ந்த உருளையில் சரிபாதி என்பதை ஆர்க்கிமிடிஸ் கி.மு. 3ஆம் நூற்றாண்டிலேயே நிறுவினார். பக்தாதில் வாழ்ந்த ஹர்ரான் நகரத்து ஸாபியரான தாபித் இப்னு குர்ரா (இறப்பு கி.பி. 901) இதனைத் தம் வழியில் நிறுவினார். 10ஆம் நூற்றாண்டில் அபூஸஹ்ல் அல்கூஹீ அதனைச் சுருக்கமாக நிறுவிக் காட்டினார்.

பஸராவில் ஹிஜ்ரி 354இல் (கி.பி. 965) பிறந்து, கெய்ரோவில் கி.பி. 1040 அளவில் மறைந்த இப்னுல் ஹைதம், இப்பொருள் பற்றித் தனி நூலே எழுதினார். தாபித்தின் வழி நீண்டது, கடினமானது. அல்கூஹீயின் வழி எளியது, ஆயினும் ஒருவகைத் திண்மத்தையே அளப்பது என்பது அவரது மதிப்பீடு. மற்றொரு வகை யாது? பரவளையத்தை அதன் அச்சின் மீது சுழற்றாமல், அச்சுக்குச் செங்குத்தான அடிக்கோட்டின் மீது சுழற்றுவது. நடுவில் பருத்து இருமுனையிலும் கூர்த்த வடிவம் அப்போது தோன்றும். இதன் கன அளவு, சூழ்ந்த உருளையில் 15இல் 8 பங்கு என்று அவர் நிறுவினார்.

இதனை ஓர் எடுத்துக்காட்டால் விளக்குவோம். திண்மத்தின் ஒரு பாதியை மட்டும் எடுத்து, நடுவிலிருந்து முனைவரை 10 சம பகுதிகளாக்குவோம். நடுவின் ஆரத்தை 100 எனக் கொண்டால், அடுத்தடுத்த வெட்டுகளின் ஆரங்கள் 99, 96, 91, 84, 75, 64, 51, 36, 19 என அமைந்து முனையில் 0 ஆகும். 100இலிருந்து 1, 4, 9 என வர்க்க எண்களைக் கழித்துப் பெற்றவை இவை. தகட்டின் பரப்பு ஆரத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. ஆகவே இவற்றின் வர்க்கங்களைக் கூட்டினால் 48,333 வரும். இது திண்மத்தினுள் அடங்கும் தகடுகளின் அளவு. நடுத்தகட்டின் 10,000ஐயும் சேர்த்தால் 58,333. இது திண்மத்தை உள்ளடக்கும் தகடுகளின் அளவு. முழு உருளையோ 1,00,000. அதில் 15இல் 8 பங்கு ஏறத்தாழ 53,333. இரண்டு எல்லைகளுக்கும் இடையே அது நிற்கிறது. இரண்டுக்கும் உள்ள வேறுபாடு எப்போதும் ஒரே ஒரு தகடுதான். 100 பகுதிகளாக்கினால் அவ்வேறுபாடு உருளையில் 100இல் ஒரு பங்காகச் சுருங்கிவிடும். விடை இதனினும் கூடாது, குறையாது என இருபுறமும் மறுத்து நிறுவுவதே அவரது முறை.

எத்தனை பகுதிகளாயினும் இது பொருந்தும் எனக் காட்ட, எண்களின் நான்காம் படிகளைக் கூட்டும் விதி தேவைப்பட்டது. ஆர்க்கிமிடிஸ் வர்க்கங்களின் கூட்டலை அறிந்திருந்தார். இப்னுல் ஹைதமோ ஒரு படியின் கூட்டலிலிருந்து அடுத்த படியின் கூட்டலைப் பெறும் வழியைச் செவ்வகங்களை அடுக்கி நிறுவினார். அவ்வழி எந்தப் படிக்கும் நீளக்கூடியது; அவர் தமக்கு வேண்டிய நான்காம் படியோடு நின்றார்.

இதனைக் கொண்டு, ‘நுண்கணிதத்தைக் கண்டுபிடித்தவர் இப்னுல் ஹைதமே’ என்று மேடைகளில் முழங்குவோர் உளர். அது மிகை. தொகையிடலும் வகையிடலும் ஒன்றுக்கொன்று எதிர்ச்செயல்கள் என்னும் பொதுவிதியும், எல்லா வளைகோடுகளுக்கும் பயன்படும் கணிப்பு முறையும் 17ஆம் நூற்றாண்டில் நியூட்டன், லைப்னிஸ் ஆகியோரின் கைகளிலேயே முழுமை பெற்றன. அவ்விதி கையிலிருப்பதால், இன்றைய மாணவர் 1இலிருந்து 3இல் 2ஐக் கழித்து 5இல் 1ஐக் கூட்டி, 15இல் 8 என்னும் அதே விடையை இரண்டு வரிகளில் பெற்றுவிடுகிறார். அவ்விதி இல்லாமலே, ஏறத்தாழ 600 ஆண்டுகளுக்கு முன்னர், ஐயத்துக்கு இடமின்றி அவ்விடையை நிறுவியதே இப்னுல் ஹைதமின் உண்மையான பெருமை. அறிவு ஓர் அமானிதம். முன்னோரின் பங்கைக் குறைத்துச் சொல்வதும் கூட்டிச் சொல்வதும் அதற்கு இழைக்கும் மோசடியே. அவரைப் போற்ற விரும்பும் ஆசிரியர்கள் இக்கணக்கை இருவழியிலும் கரும்பலகையில் செய்து காட்டுவார்களாயின், அதுவே அவருக்குத் தகுந்த மரியாதை.