முன்சக்கரத்துக் கருமை

கொல்கத்தாவின் காளிகாட் கோயிலைச் சுற்றியுள்ள தெருக்களில் நிற்கும் சின்னக் கார்களின் சக்கரங்களைக் கவனித்துப் பாருங்கள். நான்கு அலாய் வீல்களையும் ஒரே நாளில்தான் கழுவியிருப்பார்கள். ஆனாலும் முன்னிரண்டு கறுத்தும் பின்னிரண்டு பளிச்சென்றும் இருக்கும். தெருப்புழுதியாக இருந்தால் நான்கிலும் ஏறக்குறைய ஒன்றுபோலப் படிந்திருக்க வேண்டும். இது பிரேக்கிலிருந்து கிளம்புகிற தூள்.

இவ்வகைக் கார்கள் பெரும்பாலானவற்றில் முன்னால் டிஸ்க் பிரேக், பின்னால் டிரம். பிரேக்கை அழுத்தியதும் வண்டியின் பாரம் முன்னால் சாய்கிறது. நிறுத்தும் வேலையில் பெரும்பங்கு முன்சக்கரங்களின் தலையில் விழுகிறது. டிரம் மூடியிருப்பதால் தேய்ந்த தூள் பெரும்பாலும் உள்ளேயே தங்கிவிடும். டிஸ்க் திறந்திருக்கிறது, தூள் நேரே சக்கரத்தில் தெறிக்கிறது. உத்தர்பாராவில் 2014 வரை தயாரான அம்பாசடர் கார், தன் ஆயுளின் பெரும்பகுதியை டிரம் பிரேக்கிலும் இரும்புச் சக்கரத்திலுமே கழித்தது. அந்தக் காரே ஓடிய கொல்கத்தாவின் மஞ்சள் டாக்சிகளில் இந்தத் தொல்லை கண்ணில் படாததற்குக் காரணம் அதுதான்.

ஆயிரம் கிலோ எடையுள்ள கார் மணிக்கு 36 கிலோமீட்டர் வேகத்தில் ஓடும்போது அதன் இயக்க ஆற்றல் 50,000 ஜூல். ஹாஜ்ரா சந்திப்பில் ஒருமுறை, ராஷ்பிஹாரி சந்திப்பில் ஒருமுறை, இடையில் குறுக்கே வரும் பக்தர்களுக்காகச் சிலமுறை என்று நிற்கும்போதெல்லாம் அந்த ஆற்றல் வெப்பமாகி டிஸ்க்கிலும் அதை அழுத்திப் பிடிக்கும் பேடிலும் இறங்குகிறது. ஒவ்வொரு தடவையும் இரண்டும் கொஞ்சம் தேய்கின்றன. டிஸ்க் வார்ப்பிரும்பு, அதில் பத்தில் ஒன்பது பங்குக்கு மேல் இரும்பு. பேடில் கிராஃபைட், பேரைட், உலோக இழைகள் எல்லாவற்றையும் ஒரு பிசின் கட்டிப் பிடித்திருக்கும். காகிதத்தில் சுற்றிய காந்தத்தை அந்தக் கறுப்புத் தூளின்மேல் காட்டினால் ஒட்டிக்கொண்டு வரும். நாம் அழுக்கு என்று துடைப்பதில் கணிசமான பங்கு இரும்புதான்.

கறையின் பிடிவாதமும் அந்த இரும்பால் வருவதே. சூடாகத் தெறிக்கும் துகள், அலுமினியத்தின்மேல் பூசியிருக்கும் லாக்கரில் பதிந்துகொள்கிறது. கொல்கத்தாவின் மழைக்கால ஈரம் அதைத் துருவாக்குகிறது. துரு, தான் உண்டான இரும்பைவிட அதிக இடம் கேட்கும். லாக்கரை நெம்பிக்கொண்டு வளரும். ஆரஞ்சுப் புள்ளிகள் தெரிய ஆரம்பித்தபின் சோப்புத் தண்ணீரால் பயனில்லை. கம்பிநாரால் தேய்ப்பதோ கீறலைப் போட்டு, புதிதாக இரும்புத் துணுக்குகளையும் விட்டுவிட்டுப் போகும்.

இதற்கு வேதியியல்தான் வழி. இரும்புக் கறைக்கென்று விற்கும் திரவங்களில் பொதுவாக இருப்பது தயோகிளைகோலேட் உப்பு. முடியைச் சுருளாக்க அழகு நிலையங்களில் பூசும் மருந்திலும் இதே குடும்பத்து உப்பு உண்டு. மூக்கைத் துளைக்கும் நாற்றம் இரண்டுக்கும் பொது. புளியின் டார்டாரிக் அமிலம் பித்தளை விளக்கின் கறுப்பைக் கரைப்பதுபோல, இது துருவைப் பற்றிக் கரைக்கிறது. அப்போது சக்கரத்திலிருந்து ஊதா நிறம் வழியும். முதல்முறை பார்ப்பவர்கள் பெயின்ட்தான் கரைகிறதோ என்று பதறுவார்கள். அது இரும்பு அகப்பட்டதற்கான அடையாளம், பார்க்கவே அழகான வேதிவினை.

சக்கரம் ஆறியிருக்க வேண்டும், நிழலில் நிற்க வேண்டும். சூட்டில் திரவம் காய்ந்தால் அதுவே கறையாகிவிடும். முதலில் தண்ணீர் அடித்துத் தளர்ந்த தூளைப் போக்கி, திரவத்தைத் தெளித்து, சில நிமிடம் விட்டு, மென்மையான பிரஷ்ஷால் தடவி, தாராளமாக அலச வேண்டும். கையுறை அவசியம். வண்டியை எடுத்ததும் மெதுவாக ஓட்டி இரண்டு மூன்று முறை பிரேக்கை அழுத்தினால் நனைந்த டிஸ்க் காய்ந்துவிடும்.

அமிலத்தின் பக்கம் போகவே வேண்டாம். கழிப்பறை கழுவும் அமிலம், லாக்கர் உரிந்த இடத்தில் அலுமினியத்தை அரிக்கும். காஸ்டிக் சோடாவும் அப்படித்தான். ஹைட்ரோஃபுளோரிக் அமிலம் கலந்த வீல் கிளீனர்கள் கறையை நொடியில் எடுக்கும். ஆனால் அது தோலில் பட்டால் உடனே வலிக்காமல்கூட இருக்கலாம். உள்ளே இறங்கி உடலின் கால்சியத்தைப் பிடித்துக்கொண்டு உயிருக்கே உலை வைக்கும். விடியற்காலையில் வாளியும் துணியுமாகக் கார் துடைக்க வருகிறவரின் வெறுங்கையில் இதைக் கொடுப்பது பெரிய கொடுமை. அவரிடம் சக்கரத்துக்கென்று தனித்துணி கொடுத்துவிடுங்கள். சக்கரம் துடைத்த துணியே பானெட்டுக்கும் போனால் அந்த இரும்புத் துகள் பெயின்ட்டைக் கீறும்.

செப்டம்பரில் விஸ்வகர்மா பூஜைக்கு வங்காளிகளும், அதையடுத்து ஆயுத பூஜைக்கு லேக் மார்க்கெட் பக்கத்துத் தமிழர்களும் வண்டியைத் தேய்த்துத் தேய்த்துக் கழுவுவார்கள். அதற்குள் மழைக்காலம் முழுவதும் தூள் ஊறியிருக்கும். பதினைந்து நாளுக்கு ஒருமுறை வெறும் கார் ஷாம்பூவால் கழுவியிருந்தால் அன்றைக்கு அந்தத் திரவமே தேவைப்பட்டிருக்காது.

சக்கரத்தில் ஒட்டாத தூள் காற்றில் கலக்கிறது. அதற்கு முதன்முறையாக வரம்பு வைத்தது ஐரோப்பிய ஒன்றியம் 2024இல் நிறைவேற்றிய யூரோ 7 விதி: பெட்ரோல் கார்களுக்குக் கிலோமீட்டருக்கு 7 மில்லிகிராம், மின்கார்களுக்கு 3. மின்காரில் மோட்டாரே ஜெனரேட்டராக மாறி வேகத்தைக் குறைத்துவிடுவதால் பேடுக்கு வேலை குறைவு. அதன் முன்சக்கரம் அவ்வளவு சீக்கிரம் கறுப்பதில்லை.