வீட்டை எழுதிக் கொடுக்கும் முன்

“உங்க காலத்துக்கு அப்புறம் நாங்க கோர்ட்டு, கேசுன்னு அலையக் கூடாது பாருங்கப்பா. இப்பவே எழுதி வெச்சிடுங்க.”

தமிழ்நாட்டில் சொந்த வீடு வைத்திருக்கும் அறுபது தாண்டிய பலரின் காதில், ஏதாவதொரு பொங்கலுக்கோ தீபாவளிக்கோ இந்தப் பேச்சு விழுந்திருக்கும். கேட்கிற பிள்ளை கெட்ட பிள்ளையாகத்தான் இருக்க வேண்டும் என்பதில்லை. செலவுக் கணக்கும் அவர் பக்கம்தான். கிரயம் என்றால் முத்திரைத் தீர்வை 7 சதவீதம், பதிவுக் கட்டணம் 2 சதவீதம். குடும்பத்துக்குள் தான செட்டில்மென்ட் என்றால் தீர்வை 1 சதவீதம்தான், அதற்கும் உச்சவரம்பு உண்டு. சார்பதிவாளர் அலுவலகத்தில் போட்டோ, கைரேகை, கையெழுத்து. அவ்வளவுதான், வீடு கைமாறிவிடும்.

பத்திர எழுத்தர் வழக்கமான வாசகத்தையே போட்டிருப்பார். அன்பையும் பிரியத்தையும் முன்னிட்டுக் கொடுத்தது, இன்று முதல் சர்வ சுதந்திர பாத்தியமாய் ஆண்டு அனுபவித்துக்கொள்ள வேண்டியது, ரத்து செய்ய எனக்கு அதிகாரம் இல்லை. எழுதிக் கொடுத்தவருக்குச் சோறு போடுவது யார், மருந்து வாங்குவது யார் என்று பெரும்பாலும் ஒரு வரிகூட இருக்காது. கேட்டால், “பெத்த புள்ளைகிட்ட கண்டிஷனா?” என்பார்கள்.

இல்லாத அந்த ஒரு வரிக்காக உச்ச நீதிமன்றம் வரை போயிருக்கிறார்கள். பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் பராமரிப்பு மற்றும் நலச் சட்டம், 2007-இன் 23-ஆவது பிரிவு இப்படிச் சொல்கிறது: அடிப்படை வசதிகளையும் உடல் தேவைகளையும் கவனிக்க வேண்டும் என்ற நிபந்தனையோடு ஒரு மூத்த குடிமகன் சொத்தைக் கொடுத்து, வாங்கியவர் கவனிக்காமல் விட்டால், அந்தப் பத்திரம் ஏமாற்றியோ மிரட்டியோ வாங்கியதாகக் கருதப்படும், தீர்ப்பாயம் அதைச் செல்லாது என்று அறிவிக்கலாம். அந்த நிபந்தனை பத்திரத்தில் எழுதியிருக்க வேண்டுமா? நிபந்தனை இருந்ததை நிரூபித்தாக வேண்டும் என்று 2022 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் கறாராகச் சொன்னது. 2025 ஜனவரியில் மத்தியப் பிரதேசத்துத் தாய் ஒருவரின் வழக்கில், இது முதியோர் நலனுக்கான சட்டம், தாராளமாகத்தான் பொருள் கொள்ள வேண்டும் என்று கூறி, மகனுக்குக் கொடுத்த தானத்தை ரத்து செய்தது. அதே ஆண்டு மார்ச்சில் சென்னை உயர் நீதிமன்றம் இன்னும் ஒரு படி மேலே போனது. நாகப்பட்டினத்து மூதாட்டி ஒருவர் மகனுக்கு எழுதிக் கொடுத்திருந்தார். மகன் இறந்தபின் மருமகள் கவனிக்கவில்லை என்று கோட்டாட்சியரிடம் போனார், செட்டில்மென்ட் ரத்தானது. அன்பினால் கொடுத்தது என்று எழுதியிருந்தாலே, கடைசிவரை பார்த்துக்கொள்ள வேண்டும் என்ற நிபந்தனை அதற்குள் அடங்கியிருக்கிறது என்று கூறி, நீதிமன்றம் அந்த ரத்தை உறுதி செய்தது.

நல்ல தீர்ப்பு, மறுப்பதற்கில்லை. ஆனால் அந்த மூதாட்டிக்கு அப்போது வயது 87. எண்பது வயதுக்கு மேல் மனுவும் கையுமாக அலைந்து, தன் வீட்டைத் தானே திரும்ப வாங்குவதை வெற்றி என்று எனக்குக் கொண்டாடத் தோன்றவில்லை. வாங்கியவர் அதற்குள் மூன்றாம் ஆளுக்கு விற்றிருந்தாலோ, வங்கியில் அடமானம் வைத்திருந்தாலோ கேட்கவே வேண்டாம்.

இதில் நாம் கவனிக்கத் தவறுவது இன்னொன்று. நடுத்தரக் குடும்பத்தில் முதுமைப் பராமரிப்புக்கென்று இருக்கிற ஒரே பெரிய முதல் அந்த வீடுதான். பக்கவாதம் வந்த ஒருவரைக் கவனிப்பது என்றால் என்னவென்று வீட்டில் பார்த்தவர்களுக்குத் தெரியும். படுக்கைப் புண் வராமல் இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்டிப் படுக்க வைக்க வேண்டும். டயப்பர் மாற்ற வேண்டும். மூக்குக் குழாய் வழியே கஞ்சியை வடிகட்டி ஊற்ற வேண்டும். ராத்திரியும் ஆள் வேண்டும். பகல் ஷிப்டுக்கு மட்டும் ஓர் ஆளை நாளொன்றுக்கு 800 ரூபாய்க்கு வைத்ததாகக் கொண்டால், மாதம் 24,000. மூத்த குடிமக்கள் சேமிப்புத் திட்டத்தில் அனுமதிக்கப்பட்ட உச்சத்தொகையான 30 லட்சத்தையும் போட்டிருந்தால், 8.2 சதவீத வட்டியில் மாதக் கணக்குக்கு 20,500 ரூபாய் வரும். அந்த ஓர் ஆள் சம்பளத்துக்கே காணாது.

இன்சூரன்ஸ் இருக்கிறதே என்பார்கள். மெடிகிளெய்ம் பாலிசியானாலும், 70 வயதைத் தாண்டியவர்களுக்கு 2024 அக்டோபரில் விரிவாக்கப்பட்ட 5 லட்ச ரூபாய் காப்பீடானாலும், அடிப்படையில் ஆஸ்பத்திரிப் படுக்கைக்கான பணம். டிஸ்சார்ஜ் ஆகி வீட்டுக்கு வந்தபின், பார்த்துக்கொள்கிற ஆளின் கூலியை அவை தருவதில்லை. மக்களைத் தேடி மருத்துவத்தில் மாத்திரையும் பிசியோதெரபியும் வீடு தேடி வருகின்றன, பெரிய உதவிதான். குளிப்பாட்டிவிட ஆள் வராது. ஜப்பான் 2000-ஆம் ஆண்டிலேயே நாற்பது வயதானவர்களிடமிருந்து பராமரிப்புக்கென்றே தனிக் காப்பீட்டுச் சந்தா வசூலிக்கத் தொடங்கிவிட்டது. இங்கே அந்தச் சந்தா என்பது பெரும்பாலும் மகளோ மருமகளோ வேலையை விடுவதுதான்.

பிள்ளைகளிடம் ஜீவனாம்சம் கேட்டுக் கோட்டாட்சியர் தலைமையிலான தீர்ப்பாயத்துக்குப் போகலாம். நோட்டீஸ் சேர்ந்து 90 நாளில் முடிக்க வேண்டும் என்பது விதி. ஆனால் உச்சவரம்பு மாதம் 10,000 ரூபாய். 2007-இல் வைத்த தொகை. அதை நீக்க 2019-இல் மக்களவையில் வந்த திருத்த மசோதா நிறைவேறவே இல்லை.

ஆகவே வீட்டைக் கையில் வைத்திருப்பதே மேல். பிள்ளைகளுக்குச் சேர வேண்டும் என்றால் உயில் எழுதுங்கள். இரண்டு சாட்சிகள் போதும், முத்திரைத்தாள் வேண்டாம், பதிவு கட்டாயமில்லை, செய்தால் நல்லது. எத்தனை முறை வேண்டுமானாலும் மாற்றலாம். செட்டில்மென்ட்தான் என்று குடும்பமே ஒற்றைக்காலில் நின்றால், ஆயுள் முழுக்கக் குடியிருக்கவும் வாடகையை அனுபவிக்கவும் உரிமை உங்களிடமே இருக்கட்டும். பராமரிப்பு நிபந்தனையைத் தெளிவாக எழுதச் சொல்லுங்கள். பத்திர எழுத்தர் முகம் சுளித்தால் சுளிக்கட்டும். வீட்டை வைத்தே மாதாமாதம் பணம் வாங்கும் தலைகீழ் அடமானக் கடன் 2007 பட்ஜெட்டிலேயே அறிவிக்கப்பட்டது. அது நம்மிடம் எடுபடவில்லை. வீட்டை விழுங்கும் கடன் என்று பிள்ளைகள் பயப்படுவது ஒரு காரணமாக இருக்கலாம்.

நினைவு தப்பிப்போனால் என்ன செய்வது என்பதை நாம் பேசுவதே இல்லை. பவர் பத்திரம் எழுதி வைத்திருக்கிறேன் என்று நிம்மதியாக இருப்பவர்கள் கவனிக்க வேண்டும்: 1872-ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டப்படி, எழுதிக் கொடுத்தவர் சித்தசுவாதீனம் இழந்தால் பவரும் முடிந்துபோகும். எந்த நாளுக்காக எழுதினோமோ அந்த நாளில் அது உதவாது. சென்னையில் கணவர் கோமாவில் கிடக்க, வைத்தியச் செலவுக்கு அவர் பெயரிலிருந்த சொத்தை விற்க மனைவி உயர் நீதிமன்றம் போக வேண்டியிருந்தது. தனி நீதிபதி சிவில் கோர்ட்டுக்குப் போகச் சொன்னார். 2024 மே மாதம் இரு நீதிபதிகள் அமர்வு மனைவியையே காப்பாளராக நியமித்து, 50 லட்சத்தைக் கணவர் பெயரில் டெபாசிட் போடும்படி சொல்லி விற்க அனுமதித்தது. நாமினி இருந்தாலும் இங்கே பயனில்லை. நாமினிக்குப் பணம் இறப்புக்குப் பின்தான். ஆகவே மருத்துவச் செலவுக்கான தொகையையாவது, இருவரில் யார் வேண்டுமானாலும் எடுக்கும்படியான கூட்டுக் கணக்கில், நம்பிக்கையான ஒருவரோடு சேர்ந்து இப்போதே போட்டு வையுங்கள்.

ஏற்கெனவே எழுதிக் கொடுத்துவிட்டுத் தவிப்பவர்கள் மாவட்டச் சமூக நல அலுவலரையோ கோட்டாட்சியர் அலுவலகத்தையோ அணுகலாம். மனுவை நீங்களே கொடுக்கலாம், வக்கீல் தேவையில்லை. எங்கே தொடங்குவது என்று தெரியாவிட்டால் முதியோர் உதவி எண் 14567. காலை 8 மணி முதல் இரவு 8 மணி வரை இலவசமாகப் பேசலாம்.