பிரசுரிப்பதா, நிறுத்துவதா?

மாணவர் இதழ்களில் நன்றாக எழுதுபவரையே ஆசிரியர் பொறுப்பில் உட்காரவைக்கிறார்கள். அவரும் தமக்குத் தெரிந்ததையே செய்கிறார்: மற்றவர்கள் தரும் கட்டுரைகளை இரவோடு இரவாகத் தாமே திருப்பி எழுதிவிடுகிறார். இதழ் அழகாக வரும். கட்டுரை தந்தவர் எதையும் கற்றிருக்க மாட்டார். இதழாசிரியர் தம் படிப்பை முடித்துப் போனதும் குழு மறுபடி அரிச்சுவடியில் நிற்கும். இதை ஏன் போடுகிறோம், சம்பந்தப்பட்டவரிடம் கேட்டோமா, இந்தச் சொல்லுக்கு என்ன ஆதாரம் என்ற கேள்விகளைக் குழு முழுவதற்கும் பழக்கமாக்குவதே தலைமை. நடையைச் செப்பனிடுவது அதற்குப் பிறகுதான்.

அமெரிக்காவின் நார்த்வெஸ்டர்ன் பல்கலைக்கழகத்தில் மாணவர்கள் நடத்தும் 'தி டெய்லி நார்த்வெஸ்டர்ன்' இதழை எடுத்துக்கொள்வோம். 2019 நவம்பரில் முன்னாள் அட்டர்னி ஜெனரல் ஜெஃப் செஷன்ஸ் அங்கே பேசவந்தபோது மாணவர்கள் போராடினார்கள். போராடியவர்களின் படங்களை வெளியிட்டதற்கும், பேட்டிக்காக அவர்களைத் தொடர்புகொண்டதற்கும் எதிர்ப்பு கிளம்பவே, இதழ் மன்னிப்புக் கேட்டுத் தலையங்கம் எழுதியது. செய்தியாளரின் அடிப்படை வேலைக்கே மன்னிப்பா என்று மூத்த பத்திரிகையாளர்கள் கடிந்துகொண்டார்கள். படம் போட்டது தவறில்லை. ஏன் போட்டோம் என்பதில் உறுதி இல்லாததுதான் குறை.

இதனால்தான் பெரியவர்கள் பார்த்து அனுமதிக்க வேண்டும் என்பார்கள் சிலர். 1983இல் மிசௌரி மாநிலத்தின் ஹேசல்வுட் ஈஸ்ட் பள்ளியில் அதுதான் நடந்தது. மாணவிகளின் கர்ப்பம், பெற்றோரின் விவாகரத்து பற்றிய கட்டுரைகள் இருந்த மாணவர் இதழின் இரண்டு பக்கங்களைத் தலைமையாசிரியர் முழுதாக எடுத்துவிட்டார். 1988இல் அமெரிக்க உச்ச நீதிமன்றமும் அவர் பக்கமே நின்றது. அவருடைய கவலையில் நியாயம் உண்டு: ஒரு மாணவி தன் தந்தையைக் குறைசொல்லியிருந்தாள், தந்தையிடம் யாரும் பதில் கேட்கவில்லை. ஆனால் இறுதிப் பிரதியில் மாணவியின் பெயர் ஏற்கெனவே நீக்கப்பட்டிருந்தது. தலைமையாசிரியருக்கு அது தெரியாது. தந்தையிடம் கேட்டிருந்தால் மற்றக் குறையும் தீர்ந்திருக்கும். அச்சுக்கு நேரமாகிவிட்டது என்று பக்கங்களே போயின. கேட்டு எழுதுவது எப்படி என்பதை அந்தப் பிள்ளைகளுக்கு யார் சொல்லித்தந்தார்கள்?

நார்த்வெஸ்டர்ன் இதழின் அடுத்த தலைமுறை பொறுப்பைத் தானே சுமந்தது. 2023 ஜூலையில் அப்பல்கலைக்கழகத்தின் அமெரிக்கக் கால்பந்து அணியின் பயிற்சியாளர் பேட் ஃபிட்ஸ்ஜெரால்டு ராகிங் விவகாரத்தில் இரண்டு வாரம் சஸ்பெண்ட் செய்யப்பட்டார். மறுநாளே, அணியில் நடந்த ராகிங் பற்றி முன்னாள் வீரர் ஒருவர் சொன்ன விவரங்களை இதழ் வெளியிட்டது; சில நாட்களில் பயிற்சியாளர் நீக்கப்பட்டார். அவருக்குத் 'தெரிந்திருக்கலாம்' என்று வீரர் சொன்னதைத்தான் இதழ் எழுதியது. தம் நீக்கத்தை எதிர்த்து அவர் தொடுத்த வழக்கு 2025இல் சமரசத்தில் முடிந்தபோது, எந்த வீரரும் அவரிடம் ராகிங் பற்றிப் புகார் சொன்னதாக நிரூபணமாகவில்லை என்று பல்கலைக்கழகம் அறிவித்தது. 'தெரியும்' என்று அச்சேறியிருந்தால் அதற்கு ஆதாரம் காட்ட இதழால் முடிந்திருக்காது.