ஜன்னலுக்கு அடித்ததில் மிச்சம்

கைமாறிய பொருள் – 9

முதலில் என் தோல்வி ஒன்றைச் சொல்லிவிடுகிறேன்.

எட்டு வருஷத்துக்கு முன்னால் பழைய மரச்சாமான் கடையில் 350 ரூபாய்க்கு ஒரு டீப்பாய் வாங்கினேன். வீட்டுக்கு வந்த கையோடு ஈரத்துணியால் ஒரு துடை துடைத்து, வெள்ளை எனாமல் அடித்துவிட்டேன். மறுநாள் விரலால் தொட்டேன், ஒட்டவில்லை. காய்ந்துவிட்டது என்ற தைரியத்தில் அன்று மாலை வந்த விருந்தாளிகளுக்கு அதன்மேல் செய்தித்தாள் விரித்துக் காபி வைத்தேன். அவர்கள் போனபிறகு தாளை எடுத்தால் பாதி என் கையோடு வந்தது, மீதி டீப்பாயோடு நின்றுவிட்டது. பிய்த்த இடத்தில் ஒரு நகைக்கடை விளம்பரம் இடம் வலம் மாறி, கண்ணாடியில் பார்ப்பதுபோல அச்சாகியிருந்தது. மூன்றாம் மாதம் ஓரங்களில் பெயின்ட் பாம்புச்சட்டை மாதிரி உரிய ஆரம்பித்தது.

செய்தது இரண்டு தப்பு. பழைய பாலிஷின் வழுவழுப்பைத் தேய்க்காமல் அதன்மேலேயே அடித்தது ஒன்று. தொட்டால் ஒட்டாத பெயின்டை இறுகிவிட்ட பெயின்ட் என்று நினைத்தது இன்னொன்று. எண்ணெய் எனாமல் ஒரே ராத்திரியில் மேல்தோல் கட்டிவிடும். உள்ளே இறுகச் சாதாரணமாக ஒரு வாரம் பிடிக்கும். மழைக்காலமென்றால் இன்னும் கூடுதலாகவே.

அந்த டீப்பாய் இன்னும் என் மாடிப்படிக்கு அடியில் கிடக்கிறது. நகைக்கடை விளம்பரத்தோடு.

சென்ற வாரம் சொன்ன சுவர் அலமாரிக்கு வருவோம். காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவில் வாங்கியது. இரண்டடி அகலம், இரண்டரை அடி உயரம், மூன்று தட்டு, பக்கப் பலகைகளின் ஓரத்தில் வளைவு வேலைப்பாடு. தட்டிப் பார்த்து, உளுத்தூள் கொட்டுகிறதா என்று ஒரு வாரம் வெள்ளைத் துணிமேல் வைத்துப் பார்த்ததுவரை எழுதியிருந்தேன். தூள் விழவில்லை. ஆனால் மேலிருந்து கீழ்வரை ஒரே பச்சை. அரசாங்க அலுவலகத்து ஜன்னலுக்கு அடிப்பார்களே, அந்தப் பச்சை.

என் திட்டம் எளிமையானது: பச்சையின்மேல் வெள்ளை. பழைய டீப்பாயின் ஞாபகம் வந்ததால், இந்தத் தடவை பக்கத்துத் தெரு பெயின்டர் அண்ணனைக் கூப்பிட்டேன். நாற்பது வருஷமாகப் பிரஷ் பிடிப்பவர். வந்தவர் டப்பாவைப் பார்க்கவே இல்லை. அலமாரியைக் கவிழ்த்துப் போட்டார். சட்டைப் பையிலிருந்து ஒரு பிளேடை எடுத்து, பின்பக்க மூலையில் விரல் நகம் அளவுக்குச் சாய்வாகச் சுரண்டினார். பிறகு எச்சில் தொட்டுத் துடைத்துவிட்டு, “கண்ணாடியப் போட்டுட்டு வாம்மா” என்றார்.

மரத்தை அறுத்தால் வளையம் தெரியுமே, அப்படித் தெரிந்தது. மேலே பச்சை. அதற்குக் கீழே ஒரு அடர் நீலம். அதற்கும் கீழே பழுத்த பால்நிறம். கடைசியாகக் கரும்பழுப்பில் ஒரு பாலிஷ். அதற்கு அடியில் மரம்.

“எதுக்கு அண்ணே இத்தனை தடவை அடிச்சிருக்காங்க?”

“இதுக்குன்னு யாரும்மா பெயின்ட் வாங்குவா? ஜன்னலுக்கு அடிச்சதுல மிச்சம் இருக்கும். டப்பா காஞ்சு போயிடுமேன்னு கண்ணுல பட்டதுக்கெல்லாம் அடிச்சிருவாங்க. அந்த வீட்டு ஜன்னல் எப்பெப்ப என்ன கலருல இருந்துச்சுன்னு இதப் பாத்தே சொல்லிரலாம்.”

என் அம்மா வீட்டு முக்காலி, அரிசிப் பெட்டி, ஊறுகாய் ஸ்டாண்ட் எல்லாமே கதவு நிறத்தில் இருந்ததன் ரகசியம் எனக்கு அப்போதுதான் விளங்கியது.

பச்சையைத் தொடுமுன்

உப்புத்தாளை எடுக்கப் போனேன். கையைத் தட்டிவிட்டார். “வறட்டுத் தேய்ப்பு தேய்க்கக் கூடாது. பழைய பெயின்ட்டு.”

இந்த இடத்தைக் கொஞ்சம் நிதானமாகப் படியுங்கள். இந்தியாவில் வீட்டுக்கு அடிக்கும் பெயின்டில் ஈயம் பத்து லட்சத்தில் 90 பங்குக்கு மேல் இருக்கக்கூடாது என்ற விதி 2016இல் வந்தது. நடைமுறைக்கு வந்தது 2017 நவம்பரில். அதற்கு முந்தைய எனாமல்களில் நிறத்துக்காகவும் சீக்கிரம் காய்வதற்காகவும் ஈயம் சேர்ப்பது சாதாரணம். பளிச்சென்ற மஞ்சள், ஆரஞ்சு, சிவப்பு என்றால் சந்தேகம் அதிகம். பச்சையும் தப்பாது. பழைய குரோம் பச்சை என்பது ஈயம் கலந்த குரோம் மஞ்சளோடு பிரஷ்யன் நீலத்தைச் சேர்த்துச் செய்தது. குழந்தைகளின் உடம்பில் ஈயம் இவ்வளவு வரை இருக்கலாம் என்ற பாதுகாப்பான அளவே கிடையாது என்கிறது உலக சுகாதார நிறுவனம்.

ஆகவே, எப்போது அடித்தது என்று தெரியாத பெயின்டில் ஈயம் இருக்கிறது என்றே வைத்துக்கொள்ளுங்கள். உலர்ந்தபடி தேய்த்தால் தூள் பறந்து மூச்சில் ஏறும். தீயில் காட்டி உரித்தால் புகையில் ஏறும். போகியன்று பழைய ஜன்னல் கட்டையைக் கொளுத்துகிறோமே, அதுவும் இந்தக் கணக்குத்தான். வழி, ஈரமாக வேலை செய்வது. தண்ணீர் தொட்டுத் தேய்ப்பதற்கென்றே வாட்டர் பேப்பர் விற்கிறது. மூக்குக்கு நல்ல முகமூடி, கைக்கு உறை, கீழே விரிக்க பிளாஸ்டிக் தாள். சுரண்டியது அத்தனையையும் அதிலேயே சுருட்டிக் கட்டிவிட வேண்டும், செடிக்குப் பக்கத்தில் கொட்டக் கூடாது. பிள்ளைகளும் கர்ப்பிணிகளும் அந்தப் பக்கமே வரவேண்டாம். உதிராமல் உறுதியாக இருக்கும் பழைய பெயின்டை உரிக்காமல், ஈரத்தில் லேசாகத் தேய்த்து மேலே மூடிவிடுவதே பல சமயம் புத்திசாலித்தனம்.

நாங்கள் உரித்தோம். காரணம், மூலையில் தெரிந்த அந்த மரம்.

தேக்கும் பெட்டிப் பலகையும்

மொட்டைமாடியில், காற்றுப் போகிற பக்கமாக உட்கார்ந்து பெயின்ட் ரிமூவரைப் பூசினார். கால் மணி நேரத்தில் பச்சை கொப்புளம் கொப்புளமாக எழும்பியது. மரத்தின் ஓட்டத்தோடு தகட்டைத் தள்ளத் தள்ள மூன்று நிறமும் சுருண்டு சுருண்டு வந்தன. பழுப்பு பாலிஷ் மட்டும் நின்றது. பஞ்சில் ஸ்பிரிட் தொட்டு அதன்மேல் ஒற்றினார், பஞ்சு ஒட்டிக்கொண்டது.

“அரக்கு” என்றார்.

வீட்டில் யாரும் செய்து பார்க்கக்கூடிய சோதனை இது. பழைய மரச்சாமானின் பாலிஷ் ஸ்பிரிட்டில் இளகி ஒட்டினால் அது பெரும்பாலும் அரக்கு பாலிஷ். புரசு, இலந்தை மரக்கிளைகளில் கூடி வாழும் சிறு பூச்சிகள் சுரக்கும் பிசின் அது. ஜார்க்கண்ட், சத்தீஸ்கர் காட்டோர மக்கள் இன்றும் அதைச் சேகரிக்கிறார்கள். பாண்டவர்களுக்குக் கட்டிய மாளிகையில் பூசியதும், நம் தாத்தா நாற்காலியில் மின்னியதும் ஒரே பொருள்தான்.

ஸ்பிரிட்டில் பாலிஷ் கரைந்து போனதும் கீழே பொன்பழுப்பாக வரிகள் எழுந்தன. பக்கப் பலகைகளும் தட்டுகளும் தேக்கு. பின்பலகையைப் பார்த்துத்தான் சிரிப்பு வந்தது. ஏதோ சரக்குப் பெட்டியைப் பிரித்து அடித்த வெளிறிய பலகை. இரண்டு பெரிய கணு, ஆணி ஓட்டைகள், ஒரு ஓரம் பிளவு. முன்னால் பட்டு, பின்னால் கோணி.

என் வெள்ளைத் திட்டம் அங்கேயே முடிந்தது. “தேக்குமேல பெயின்ட் அடிச்சா அந்த மரம் நம்மள சும்மா விடாதும்மா” என்றார் அண்ணன். மரம் விடுகிறதோ இல்லையோ, கணக்காகப் பார்த்தாலும் அது நஷ்டம்தான். தேக்கு, தோதகத்தி, பித்தளை, வெண்கலம் இவற்றுக்குப் பெயின்ட் வேண்டாம், சுத்தம் செய்தாலே போதும். பழைய எனாமல் தூக்கும் தட்டும் அப்படியே. அதில் இருக்கும் எனாமல் பெயின்டே அல்ல. இரும்பின்மேல் கண்ணாடித் தூளைப் பூசி 800 டிகிரி அளவு சூட்டில் உருக்கிப் பிடிக்க வைத்தது. அதன்மேல் அடிக்கும் பெயின்ட் நிற்காது.

பெயின்ட் யாருக்கு? கலப்பு மரத்துக்கு, பிளைவுட்டுக்கு, துருப்பிடித்த டிரங்குப் பெட்டிக்கு, இரும்பு நாற்காலிக்கு. இரும்பென்றால் துருவைக் கம்பி பிரஷ்ஷால் தேய்த்து ரெட் ஆக்சைடு பிரைமர் அடித்துவிட்டுத்தான் நிறம். தகர வாளி, தகரப் பூத்தொட்டி என்றால் கூடுதல் எச்சரிக்கை. தகடு துருப்பிடிக்காமல் இருக்க அதன்மேல் பூசிய துத்தநாகமும் எண்ணெய் எனாமலும் ஒன்றோடொன்று வினைபுரிந்து இடையில் சோப்பு மாதிரி ஒரு படலம் உண்டாகும். சில மாதத்தில் பெயின்ட் தோல்தோலாகக் கழன்றுவிடும். அதற்கென்று தனி பிரைமர் இருக்கிறது, கேட்டு வாங்குங்கள்.

இணையத்தில் சாக் பெயின்ட் வீடியோ பார்த்துவிட்டுத் தேய்க்கவே வேண்டாமே என்று கேட்கும் வாசகர்களுக்கு: ஆனி ஸ்லோன் என்ற பெண்மணி 1990இல் இங்கிலாந்தில் உண்டாக்கிய பெயின்ட் அது. வழுவழுப்பான பரப்பிலும் பிடித்துக்கொள்ளும் என்பது உண்மை. ஆனால் எண்ணெய்ப் பிசுக்கின்மேல் எந்தப் பெயின்டும் பிடிக்காது. சமையலறையில் இருந்த சாமானைச் சோப்புத் தண்ணீரால் கழுவிக் காயவைக்காமல் தொடவே கூடாது. மேலே பூசும் மெழுகும் நம் வீட்டுச் சுடுகாபி டம்ளரை ரொம்ப நாள் தாங்காது.

அடுத்தவன் திட்டக் கூடாது

பின்பலகையை என்ன செய்வது? கழற்றி எறிந்துவிட்டு பிளைவுட் போடலாம் என்றேன். “அதுவும் இத்தன வருஷம் இருந்திருக்கு, இருக்கட்டும்” என்றார். ஆணி ஓட்டையிலும் பிளவிலும் பட்டி பார்த்தார். காய்ந்ததும் 120 நம்பர் தாளில் ஒரு தேய்ப்பு, 220இல் ஒரு தேய்ப்பு. நம்பர் ஏற ஏறத் தாள் நைசாகும்.

அடுத்து பிரைமர் என்று நினைத்தேன். அவர் அரக்கையே மறுபடி எடுத்தார், மெழுகு நீக்கியது. கணுவின்மேல் இரண்டு தடவை, பலகை முழுக்க ஒரு தடவை. கணுவில் பிசின் இருக்கும், எத்தனை பெயின்ட் அடித்தாலும் மஞ்சள் கறையாக மேலே வந்து நிற்கும், அதை அரக்கு தடுக்கும். முழுப் பலகைக்கும் எதற்கு?

“நாளைக்கு இத எவனோ உரிப்பான்ல? மரத்துக்குள்ள பெயின்ட்டு எறங்கியிருந்தா அவன் உயிரு போயிரும். அரக்கு இருந்தா நரம்புக்குள்ள எறங்காது, உரிச்சா வழிச்சிக்கிட்டு வந்துரும். அடுத்தவன் நம்மளத் திட்டக் கூடாது பாரு.”

கைமாறிய பொருளைப் பற்றி ஒன்பது வாரமாக எழுதிக்கொண்டிருக்கிறேன். அது எனக்கு முன்னால் யாரிடம் இருந்தது என்றுதான் யோசித்தேனே தவிர, எனக்குப் பின்னால் யாரிடம் போகும் என்று ஒருநாளும் யோசித்ததில்லை. என் டீப்பாயில் நான் செய்தது கடைசி ஆள் செய்கிற வேலை. அரக்குமேல் பால்நிறம் அடித்தவரும், அதன்மேல் நீலம் அடித்தவரும், பச்சைக்காரரும் தங்களைக் கடைசி ஆள் என்றுதான் நினைத்திருப்பார்கள். ஆனால் அடியில் இருந்த அரக்கு மேலே வந்த மூன்று நிறத்தையும் மரத்தில் இறங்கவிடாமல் பிடித்து வைத்திருந்தது. முதலில் பாலிஷ் போட்ட ஆசாரியின் தயவில்தான் எனக்குத் தேக்கு திரும்பக் கிடைத்தது.

நிறம் மட்டும் என் முடிவு. வெள்ளை வேண்டாம் என்றாகிவிட்டது. எண்ணெய் எனாமலில் வெள்ளை, வெளிச்சம் படாத இடத்தில் மஞ்சளடித்துவிடும். அலமாரியின் பின்பலகை அப்படிப்பட்ட இடம்தான். சுரண்டிய மூலையில் தெரிந்த இரண்டாவது அடுக்கின் அடர் நீலத்தைக் காட்டி, கடையில் அதே சாயலில் தண்ணீர் எனாமல் 100 மில்லி வாங்கினேன். பிரைமர் ஒரு கோட்டிங், மறுநாள் நீலம் ஒரு கோட்டிங், நடுவில் 320 தாளில் பட்டும் படாமலும் ஒரு தடவல், அதற்கடுத்த நாள் இன்னொரு கோட்டிங். தேக்குக்குப் பஞ்சுப் பொட்டலத்தால் அரக்கு பாலிஷ். அதை வெயில் நாளாகப் பார்த்துத்தான் போட்டார். ஈரக்காற்றில் போட்டால் வெண்மூட்டம் போட்டுவிடுமாம்.

பிறகு பத்து நாள் அதன்மேல் ஒரு செய்தித்தாளைக்கூட வைக்கவில்லை.

இப்போது அது எங்கள் கூடத்தில் தொங்குகிறது. நீலத்துக்கு முன்னால் பாட்டியின் பித்தளைச் செம்பு. பின்பக்கம், சுவரை ஒட்டிய மூலையில், உள்ளங்கை அளவுக்குப் பழைய அடுக்குகளை உரிக்காமல் விட்டு, மேலே வார்னிஷ் அடித்து மூடச் சொன்னேன். பச்சை, நீலம், பால்நிறம், பழுப்பு. அடுத்து உரிக்கப்போகிறவர் பார்த்துக்கொள்ளட்டும்.

100 மில்லி டப்பாவில் பாதிக்கும் மேல் நீலம் மிச்சம். காய்ந்து போய்விடுமே என்று இரண்டு நாளாக வீட்டைச் சுற்றிச் சுற்றி வருகிறேன். புழக்கடை ஜன்னல் கண்ணில் பட்டிருக்கிறது.

(அடுத்த வாரம்: ரசம் போன கண்ணாடி)