மருந்து நிற்கக் கூடாது

ஒரே பாடவேளையில் மூன்றாம் முறையாகக் கழிப்பறைக்கு அனுமதி கேட்ட ஏழாம் வகுப்பு மாணவியை, "பேசாமல் உட்கார்" என்று அதட்டிவிட்டேன். மறுநாள் அவளுடைய தாயார் மருத்துவக் குறிப்பேட்டுடன் வந்தார். ஜோலார்பேட்டையில் ரயிலேறி, காட்பாடியில் இறங்கி, வேலூர் சி.எம்.சி. மருத்துவமனையில் மகளுக்குச் சிகிச்சை பெற்றுவருகிறார். நாள்பட்ட குடல் அழற்சி நோயைப் பற்றி அன்றுதான் அறிந்தேன்.

நோய் எதிர்ப்பு ஆற்றல் தன் குடலையே தாக்குவதால் உண்டாகும் நோய் இது, தொற்றாது. பெருங்குடலில் புண் உண்டாக்குவது அல்சரேட்டிவ் கொலைட்டிஸ். வாய் முதல் ஆசனவாய் வரை எங்கும் வரக்கூடியது கிரோன் நோய். வயிற்றுவலி, இரத்தம் கலந்த வயிற்றுப்போக்கு, எடைக்குறைவு, வளர்ச்சிக் குறைவு ஆகியன முக்கிய அறிகுறிகள்.

சிகிச்சை இரு கட்டங்களாக நடக்கிறது. முதலில் அழற்சியைத் தணிக்க வேண்டும். இதற்குப் பிரெட்னிசோலோன் போன்ற ஸ்டீராய்டு மருந்துகள் தரப்படுகின்றன. கிரோன் நோயுள்ள குழந்தைகளுக்கு 6 முதல் 8 வாரங்கள் வரை சிறப்புச் சத்துத் திரவம் மட்டுமே உணவாகத் தரும் முறையும் உண்டு. அடுத்த கட்டம், நோய் திரும்பாமல் காப்பது. அல்சரேட்டிவ் கொலைட்டிஸுக்கு மெசலமைன் உதவுகிறது. அசதயோபிரின் முழுப் பலன் தர இரண்டு மூன்று மாதங்கள் ஆகும். இவற்றுக்குக் கட்டுப்படாதபோது இன்ஃப்ளிக்சிமாப் மருந்தை நரம்பு வழியே செலுத்துகிறார்கள். தொடக்கத் தவணைகளுக்குப் பின் வழக்கமாக 8 வாரத்திற்கு ஒருமுறை இது தொடரும்.

இதில் நமக்கு என்ன வேலை?

ஸ்டீராய்டால் முகம் உப்பும், பசி கூடும், மனநிலை மாறும். சக மாணவர்கள் கேலி செய்யாமல் பார்த்துக்கொள்வது நம் பொறுப்பு. கேலிக்கு அஞ்சி மாத்திரையைத் திடீரென நிறுத்துவது ஆபத்து. மருத்துவர் சொன்னபடி படிப்படியாகத்தான் குறைக்க வேண்டும்.

அசதயோபிரின், இன்ஃப்ளிக்சிமாப் போன்றவை நோய் எதிர்ப்பு ஆற்றலைக் குறைக்கும். வகுப்பில் யாருக்காவது அம்மையோ தட்டம்மையோ கண்டால், அன்றே பெற்றோருக்குத் தெரிவிப்போம்.

இரத்தப் பரிசோதனைக்கும் மருந்து ஏற்றவும் செல்லும் நாள்களுக்காகக் கடிந்துகொள்ளாமல், விடுபட்ட பாடத்தை நடத்துவோம்.

"நன்றாகத்தானே இருக்கிறாய், இன்னும் எதற்கு மாத்திரை?" என்று கேட்க வேண்டாம். மருந்து வேலை செய்வதால்தான் குழந்தை நன்றாக இருக்கிறது.

அந்த மாணவியிடம் வருத்தம் தெரிவித்தேன். இப்போது வாசலருகே அமர்கிறாள். என்னிடம் கேட்காமலே போய் வருகிறாள். பாடம் நிற்பதில்லை.