சாட்சிக் கூண்டிலிருந்து திரைக்கு

அமெரிக்க ஒன்றிய அரசின் விசாரணை நீதிமன்றங்களில் ஒளிப்பதிவுக் கருவிகளுக்கு இடமில்லை என்பதால், 2005 செப்டம்பர் இறுதியில் தொடங்கி நவம்பர் தொடக்கம்வரை பென்சில்வேனியா மாநிலத்தின் ஹாரிஸ்பர்க் நகரில் நடந்த டோவர் பள்ளி வழக்கின் சாட்சியங்களை, அவையில் அமர்ந்திருந்தோரைத் தவிர வேறு யாரும் கண்ணால் காண வாய்க்கவில்லை. 2007 நவம்பரில் நோவா தொலைக்காட்சித் தொடர் அவ்வழக்கை ஆவணப்படமாக்கியபோதும், நீதிமன்றப் பதிவேட்டில் இருந்த உரையாடல்களை நடிகர்களைப் பேசவைத்தே காட்ட வேண்டியிருந்தது. அறிவியலும் மதச்சார்பின்மையும் அரசியலும் ஒரே இடத்தில் மோதிக்கொண்ட அந்த வழக்கு இணையக் காணொளிகளின் வழியே பொதுமக்களை எட்டிய விதம் தனியே ஆராயத்தக்கது.

டோவர் ஊரின் பள்ளி வாரியம், ஒன்பதாம் வகுப்பு உயிரியல் வகுப்பில் பரிணாமப் பாடம் தொடங்குமுன் ஓர் அறிக்கை வாசிக்கப்பட வேண்டும் என்று 2004இல் முடிவெடுத்தது. டார்வினின் கொள்கையில் இடைவெளிகள் உண்டு என்றும், உயிர்கள் ஓர் அறிவார்ந்த ஆற்றலால் திட்டமிட்டு உருவாக்கப்பட்டவை எனும் ‘அறிவார்ந்த வடிவமைப்பு’க் கருத்தை அறிய விரும்புவோர் அதற்கான நூலைப் படிக்கலாம் என்றும் அது கூறியது. அறிவியல் ஆசிரியர்கள் அதை வாசிக்க மறுத்தனர். நிர்வாகிகள் வந்து வாசித்தனர். பெற்றோர் 11 பேர் வழக்குத் தொடுத்தனர். அரசு எந்த மதத்தையும் நிறுவக்கூடாது என விதிக்கும் அமெரிக்க அரசியலமைப்பின் முதல் திருத்தத்தை அந்த அறிக்கை மீறுகிறது என்பது அவர்களது வாதம். நீதிபதி மூன்றாம் ஜான் ஜோன்ஸ், அறிவார்ந்த வடிவமைப்பு அறிவியல் ஆகாது, அது படைப்புவாதத்தின் மறுவடிவமே என்று 2005 டிசம்பர் 20 அன்று 139 பக்கத் தீர்ப்பில் விரிவாக எழுதினார்.

அத்தனை பக்கங்களைப் பொறுமையாகப் படிப்போர் எல்லாக் காலத்திலும் சிலரே. தீர்ப்பு வந்து இரண்டு வாரத்தில், 2006 ஜனவரி 3 அன்று, பெற்றோர் தரப்பின் முதல் அறிவியல் சாட்சியான பிரவுன் பல்கலைக்கழக உயிரணு அறிஞர் கென்னத் மில்லர், ஓஹையோ மாநிலத்தின் கேஸ் வெஸ்டர்ன் ரிசர்வ் பல்கலைக்கழகத்தில் ஏறத்தாழ இரண்டு மணி நேரம் உரையாற்றினார். அந்த உரை யூடியூபில் பரவியது. அதிலும் சில நிமிடங்களே நீடித்த ஒரு பகுதி தனியாக வெட்டப்பட்டு மேலும் பலரிடம் சென்றது.

அப்பகுதி விளக்கிய சான்று இது. மரபுச் செய்தியைத் தாங்கும் இழைகளான குரோமோசோம்கள் மனிதரிடம் 23 இணைகளாகவும், சிம்பன்சி, கொரில்லா, ஒராங்குட்டான் ஆகியவற்றிடம் 24 இணைகளாகவும் உள்ளன. இவை அனைத்துக்கும் பொது மூதாதை இருந்தது உண்மையானால், மனித வழிமரபில் ஓர் இணை எங்கே போனது என்பதற்குப் பரிணாமக் கொள்கை விடை சொல்லியாக வேண்டும். முழுக் குரோமோசோம் இணை ஒன்றை இழந்த உயிர் பிழைத்திருக்க வழியில்லை. ஆகவே இரண்டு குரோமோசோம்கள் ஒன்றாக ஒட்டியிருக்க வேண்டும். குரோமோசோமின் இரு நுனிகளிலும் டெலோமியர் என்னும் தனித்த தொடர்வரிசையும், இடையில் உயிரணுப் பிரிவின்போது பிடிப்பிடமாகும் சென்ட்ரோமியரும் உண்டு. ஒட்டியது உண்மையெனில், நுனியில் மட்டுமே இருக்க வேண்டிய டெலோமியர் வரிசை மனிதக் குரோமோசோம் ஒன்றின் நடுவிலும் காணப்பட வேண்டும். சென்ட்ரோமியரின் தடயமும் இரண்டு இடங்களில் இருக்க வேண்டும். மனிதனின் இரண்டாம் குரோமோசோமில் இவை இரண்டுமே உள்ளன. அதன் முழு வரிசை 2005 ஏப்ரலில் நேச்சர் இதழில் வெளியாகியிருந்தது. ஒரு கொள்கை பொய்த்துப்போகக்கூடிய இடத்தைத் தானே சுட்டிக்காட்டி, அங்கே போய்ப் பாருங்கள் என்று சொல்வதே அறிவியல் என்பதை இந்தச் சில நிமிடங்கள் பாடநூல்கள் பலவற்றைவிடத் தெளிவாகப் புலப்படுத்தின. அக்காலக் காணொளி விவாதங்களில் ஆகச் சிறந்த பங்களிப்பு எதுவெனக் கேட்டால், எந்தச் சொற்போரையும்விட இதையே தயங்காமல் சொல்லலாம்.

சொற்போர்களும் நடக்காமலில்லை. மேடை விவாதங்களில் படைப்புவாதப் பேச்சாளர்கள் சிலர், ஒவ்வொன்றையும் மறுக்கப் பல நிமிடம் பிடிக்கும் கூற்றுகளை ஒரே மூச்சில் அடுக்கிச் செல்வது வழக்கம். இந்த உத்திக்கு, அதில் தேர்ந்த டுவேன் கிஷ் என்பவரின் பெயரையே மானுடவியலாளர் யூஜினி ஸ்காட் சூட்டினார். மேடையில் இதற்கு மாற்று இருக்கவில்லை. காணொளியிலோ எதிராளியின் பேச்சை நிறுத்தி, ஒவ்வொரு கூற்றையும் தனித்தனியே எடுத்து, சான்றுடன் மறுக்க முடிந்தது. பார்ப்பவரும் ஐயம் எழுந்த இடத்துக்குத் திரும்பிச் செல்ல முடிந்தது.

ஆனால், மறுப்பவர் எதிராளியின் காணொளித் துண்டைக் காட்டாமல் மறுக்க இயலாது என்பதால், விவாதம் பதிப்புரிமைச் சட்டத்தின் எல்லைக்குள் நுழைந்தது. 1998ஆம் ஆண்டின் அமெரிக்க மின்னணுப் பதிப்புரிமைச் சட்டப்படி, புகார் வந்ததும் தளம் காணொளியை நீக்கிவிட்டால் அதற்குப் பொறுப்பில்லை. ஆகவே தளங்கள் முதலில் நீக்கிவிடுகின்றன. பாதிக்கப்பட்டவர் எதிர் அறிவிப்பு கொடுத்து, புகார் செய்தவர் வழக்குத் தொடுக்காவிட்டால், 10 முதல் 14 வேலை நாட்களுக்குள் காணொளி மீண்டும் ஏற்றப்படும். எதிர் அறிவிப்பில் உண்மைப் பெயரும் முகவரியும் இருக்க வேண்டும். அது புகார் செய்தவரிடமே அனுப்பப்படும். சமய நம்பிக்கையை மறுத்துப் பேசுவதால் வேலையையோ உறவையோ இழக்க அஞ்சிப் புனைபெயரில் இயங்கியவர்களுக்கு இது எத்தகைய நெருக்கடி என்பதை விளக்கத் தேவையில்லை. விமர்சனத்துக்காக மேற்கோள் காட்டுவதை அனுமதிக்கும் ‘நியாயமான பயன்பாடு’ என்ற விதி சட்டத்தில் இருந்தும், புகார் அனுப்புமுன் அதைக் கருத்தில் கொண்டாக வேண்டும் என்று, குழந்தை நடனமாடும் 29 விநாடிக் காணொளி ஒன்றைப் பற்றிய வழக்கில், ஒன்பதாம் வட்ட மேல்முறையீட்டு நீதிமன்றம் 2015இல்தான் தீர்ப்பளித்தது.

இந்த விவாதங்கள் தவறவிட்ட ஒன்றையும் குறிப்பிட்டாக வேண்டும். காணொளிகள் பலவற்றில் மதச்சார்பின்மையும் இறைமறுப்பும் ஒன்றாகவே பேசப்பட்டன. ஏளனத்துக்குப் பார்வையாளர் கூடினர். மில்லர் கத்தோலிக்கர், தம் சமய நம்பிக்கையையும் பரிணாமத்தையும் இணைத்து நூலே எழுதியவர். ஜோன்ஸ், குடியரசுக் கட்சி அதிபரான இளைய புஷ்ஷால் நியமிக்கப்பட்டவர். வழக்குத் தொடுத்த பெற்றோரிலும் சமயப் பற்றுள்ளவர்கள் இருந்தனர். அரசுப் பள்ளி எந்த நம்பிக்கையின் கருவியாகவும் ஆகிவிடக்கூடாது என்ற கோரிக்கை நம்பிக்கையுள்ளவர்களையும் காப்பதாகும். இதை எடுத்துச் சொல்லத் தவறிய ஒவ்வொரு காணொளியும், வென்றெடுத்திருக்கக்கூடிய ஒரு பெரும் கூட்டத்தை எதிர்ப்பக்கம் தள்ளியது.

அரசியல் முடிவுகளோ திரைக்கு வெளியேதான் நிகழ்ந்தன. யூடியூப் இன்னும் பரவலாக அறியப்படாத 2005 நவம்பரிலேயே, டோவரில் மீண்டும் போட்டியிட்ட வாரிய உறுப்பினர்கள் எட்டுப் பேரையும் ஊர் மக்கள் தோற்கடித்திருந்தனர். மில்லர் ஓஹையோவில் உரையாற்றியதற்கும் அம்மாநிலக் கல்வி வாரியம் பரிணாமத்தை ‘விமர்சன நோக்கில்’ அணுகும் பாடத்திட்டம் ஒன்றை வைத்திருந்ததே பின்னணி. அந்த உரைக்கு ஆறு வாரங்களுக்குப் பின், 2006 பிப்ரவரி 14 அன்று, அவ்வாரியம் 11க்கு 4 என்ற வாக்குகளில் அப்பாடத்தை நீக்கியது.

(தொடரும்)